கத்தியில் ஒரு எண்

வியாழக்கிழமை மாலை நாலு மணிக்குள் எல்மினா ஓர் எண்ணைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அப்பாவின் பெயர் தேவாலயச் சுவரில் ஏறும். இல்லையென்றால் வெள்ளிக்கிழமை காலை கல்தச்சன் உளியை எடுத்து வெட்டத் தொடங்கிவிடுவான். அதற்கப்புறம், போருக்குப் போனவர்களின் பெயர்களைத் தாங்கப்போகும் அந்தச் சலவைக்கல்லில் ஒரு புள்ளிகூடச் சேர்க்க முடியாது.

ஆகஸ்டில் ஒத்னியேல் கிட்டன்ஸைப் புதைத்தபோது, சவப்பெட்டிமேல் போர்த்த முன்னாள் படைவீரர் சங்கம் கொடி தரவில்லை. எங்கள் பதிவேட்டில் அப்படி ஓர் ஆளே இல்லை என்றார்கள். அந்த மேற்கிந்தியத் தீவின் வடகோடியில், செயின்ட் லூசி வட்டாரத்தில், யாரும் அதற்கு ஆச்சரியப்படவில்லை. முதல் உலகப் போரில் எகிப்துக்கும் இத்தாலிக்கும் போய்வந்ததாக அவர் சொன்னதை அங்கே யார் நம்பினார்கள்? மெடல் இல்லை, காகிதம் இல்லை, சீருடையில் எடுத்த போட்டோ ஒன்றுகூட இல்லை. 'ஜெனரல் மரவள்ளி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருக்கும்போது வேலிக்கு வெளியே நின்று சல்யூட் அடித்துவிட்டு ஓடும் பிள்ளைகளை எல்மினா கல்லெடுத்து விரட்டியிருக்கிறாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. இப்போது முப்பத்தெட்டு. அந்தக் கோபத்துக்கு மட்டும் வயது ஏறவில்லை.

போன வாரம் அப்பாவின் தச்சுக் கூடைக்கு அடியில், எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்த ஒரு மடக்குக் கத்தி அவள் கையில் கிடைத்தது. கறுப்புக் கொம்புப் பிடி, ஒரு வெட்டலகு, டின் திறக்கும் பல், முடிச்சு அவிழ்க்கும் தடித்த ஊசி. பட்டாளத்துக் கத்தி என்று பார்த்ததுமே தெரிந்தது. சங்கத்தின் செயலாளர் ஹைண்ட்ஸிடம் ஓடினாள். அவர் கத்தியைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமில்லை என்று சொல்லிவிட்டார்.

"கத்தி கடைத்தெருவுலயும் கிடைக்கும்மா. எனக்கு வேண்டியது நம்பர். ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஒரு நம்பர் உண்டு. வர்ற வியாழக்கிழமை நாலு மணிக்குள்ள கொண்டா, பாக்கலாம்."

எண் கத்தியில்தான் இருந்தது. படிக்கத்தான் முடியவில்லை.

*

வியாழன் காலை அண்ணன் லைல் லாரியை வீட்டு முன்னால் நிறுத்தியபோது, எல்மினா வாசல் படியில் உட்கார்ந்து கத்தியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அலகின் அடியில் ஓர் அம்பு. அதற்கு மேலே நட்சத்திரம் மாதிரி ஒரு குறி. பிடியின் தலைப்பில் உள்ள இரும்புப் பூணில் யாரோ ஆணியும் சுத்தியலும் வைத்துக் கையால் அடித்த எழுத்துகள். முதலில் தனியாக ஓர் இலக்கம், பிறகு மூன்று எழுத்து, பிறகு நாலு இலக்கம். எல்லாம் தேய்ந்து போய், நடுவில் இருந்த ஒரு 4 மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது.

லைல் துறைமுகத்துக்கு மணல் ஏற்றுகிறவன். சோளமாவைப் பிசைந்து வாழையிலையில் அவித்த காங்கி இரண்டை அவள் மடியில் வைத்துவிட்டு, இன்றைக்கும் அச்சகத்துக்கு லீவு போட்டாயா என்று கேட்டான். போட்டாயிற்று என்றாள். அவன் முகம் சுருங்கியது.

"விட்டுடு எல்மி. அவரே கேக்காத பேரு. நீ எதுக்கு அலையிற?"

"கேக்க வெக்கப்பட்டாரு. அதனால கேக்கல."

"உனக்குத் தெரியுமா, வெக்கப்பட்டார்னு?"

"வேற என்னண்ணே? உனக்கு வேற ஏதாவது தெரியுமா?"

லைல் அவளை ஏறச் சொல்லி லாரியைக் கிளப்பினான். தலைநகர் பிரிட்ஜ்டவுன் வரைக்கும் ஒன்றரை மணி நேரம் மணல் விலையைத் தவிர வேறு பேச்சு எடுக்கவில்லை. இந்த ஒரு வாரமாக அவன் இப்படித்தான் இருந்தான். கத்தி என்றாலே எழுந்து போய்விடுவான். கொடி வராத அன்று சவக்குழியின் ஓரத்தில் நின்றுகொண்டு அவனும்தான் பல்லைக் கடித்தான். இப்போது மட்டும் என்ன வந்தது என்று அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

முதலில் ஸ்வான் தெருவில் ஒரு கடிகாரக்காரரிடம் போனாள். அவர் கண்ணாடியை ஒரு கண்ணில் செருகிக்கொண்டு பத்து நிமிடம் பார்த்தார். அம்பு என்பது கத்தி செய்த கம்பெனியின் முத்திரை, நட்சத்திரம் என்பது தரமான எஃகு என்பதற்கு அடையாளம் என்றார். பூணில் உள்ளதைப் பற்றிக் கேட்டதற்கு, சொந்தக்காரன் கிறுக்கியது, அதற்குப் பொருள் இருக்க வேண்டியதில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்து கேரிசன் மைதானத்துப் பக்கம் ஓர் அலுவலகம். பழைய படைத்துறை விஷயம் தெரிந்த ஒருவர் அங்கே உண்டு என்று சொல்லியிருந்தார்கள். உண்டுதான், ஆனால் திங்கட்கிழமை வரை லீவில் இருந்தார். மேஜையில் இருந்தவர் கத்தியை வைத்துவிட்டுப் போகச் சொன்னார். வைத்துவிட்டுப் போக முடியாது என்றாள். அப்படியானால் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதிக் கொடுத்தால் எப்போது பதில் வரும்? லண்டனுக்கு அனுப்ப வேண்டும், அங்கே இரண்டாம் உலகப் போர்க் குண்டுவீச்சில் பழைய காகிதங்கள் முக்கால்வாசி எரிந்துவிட்டன, ஆனாலும் அனுப்பலாம் என்றார். இன்று நாலு மணிக்கு வேண்டும் என்று அவள் சொன்னபோது, அவர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டது நன்றாகத் தெரிந்தது.

வெளியே வந்தால் மழை. மூன்றாவதாகப் பார்த்த ஓய்வுபெற்ற போலீஸ்காரர் தாழ்வாரத்தில் நிற்க வைத்தே பேசினார். அது ரகசியச் சங்கத்தாரின் நட்சத்திரம், உங்கப்பா அதில் இருந்திருக்க வேண்டும், அதைப் பற்றி வெளியே பேசாதே என்று குரலைத் தாழ்த்தி எச்சரித்தார். மரவள்ளித் தோட்டத்தைத் தாண்டி வாரத்துக்கு ஒரு முறை ரம் கடைக்குப் போவதே பெரிய பயணமாக இருந்த மனிதர் அவள் அப்பா. எல்மினாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மணி பதினொன்றரை. செருப்பு நனைந்து சொதசொதவென்றிருந்தது.

போலீஸ்காரரின் மனைவிதான் வாசல் வரை வந்து, சீப்சைட் சந்தையில் டிருசில்லா பிளாக்கெட் என்று ஒரு அம்மாள் இருக்கிறாள், பழைய பட்டாளத்துச் சாமான் விற்று வளர்ந்தவள், அவளுக்குத் தெரியாத குறி கிடையாது என்றாள்.

*

டிருசில்லா பிளாக்கெட் சந்தையின் கோடியில் தகரக் கூரைக்குக் கீழே, பழைய பூட்டு, இஸ்திரிப் பெட்டி, சைக்கிள் மணி என்று பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தடித்த உடம்பு, தலையில் ஆண்கள் வைக்கும் தொப்பி. கத்தியைக் கையில் வாங்கியவள் அலகைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து, அந்த 'டக்' சத்தத்தை ரசித்தாள்.

"அம்பு ராஜாவோடது. சர்க்கார் சாமான்னு அர்த்தம். இத எவன் வச்சிருந்தாலும் பட்டாளத்துலதான் வாங்கியிருக்கணும்."

எல்மினாவுக்கு மூச்சு வந்தது. "அப்ப நட்சத்திரம்?"

"நட்சத்திரமா? நல்லாப் பாரு பொண்ணே. அது ரெண்டு அம்பு. ஒண்ணோட முனையில இன்னொண்ணு முனைய வச்சு அடிச்சிருக்கான். ராஜா கை கழுவிட்டார்னு அர்த்தம். கழிச்சுக் கட்டுன சாமான். இந்தக் குறி விழுந்துட்டா யார் வேணா விக்கலாம், யார் வேணா வாங்கலாம். இந்த மாதிரி நானே பெட்டி பெட்டியா வித்திருக்கேன்."

சந்தையின் இரைச்சல் ஒரு கணம் எங்கோ தூரத்துக்குப் போனது போலிருந்தது. யார் வேண்டுமானாலும் வாங்கலாம். கடைத்தெருவிலும் கிடைக்கும் என்று ஹைண்ட்ஸ் சொன்னது சரி. ஊர் சொன்னதும் சரி. அப்பா ஏதோ ஒரு சனிக்கிழமை இங்கே வந்து, ஒரு பழைய கத்தியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் எகிப்துக் கதை சொல்லியிருக்கிறார். அவ்வளவுதானா?

கத்தியை மடக்கிக் கைப்பையில் போட்டாள். பையின் கொக்கியை இரண்டு முறை அழுத்தியும் அது மாட்டவில்லை. டிருசில்லா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, பூணில் நம்பர் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது, தேய்ந்துவிட்டது என்றாள் எல்மினா.

"இத்தாலியில கலைச்சுப் போட்ட பட்டாளம் ஒண்ணு. அதோட தட்டுமுட்டெல்லாம் பெட்டியில வந்து இறங்கிச்சு. இருபத்திரண்டாம் வருஷமோ இருபத்திமூணோ, ஏலத்துல எடுத்தேன். நாப்பது வருஷம் ஆச்சு, ஆனாலும் ஒரு ஆள மறக்கல. ஒவ்வொரு சனிக்கிழமையும் வருவான். பெட்டியக் கவுத்துப் போட்டு ஒவ்வொரு கத்தியா எடுத்து நம்பரப் படிப்பான், வச்சுட்டுப் போயிடுவான். ஆறு மாசம். எதத் தேடுறன்னு கேட்டா சொல்ல மாட்டான். ஒரு நாள் கெடச்சிருச்சு. அந்தப் பெட்டி மேலயே உக்காந்துட்டான், வெயில் சாயற வரைக்கும்."

"ஆள் எப்படி இருந்தாரு?"

"மெலிஞ்ச ஆளு. கத்திய எடுக்கறப்ப நடுவிரல் மட்டும் வளையாது. நீட்டிக்கிட்டே நிக்கும். யாரையோ பாத்து நீட்டுற மாதிரி இருக்குன்னு நான் கேலி பண்ணுவேன்."

எல்மினா அந்த விரலைப் பிடித்துக்கொண்டுதான் நடை பழகினாள்.

வாங்கியதுதான். ஆனால் ஏதோ ஒரு கத்தியை வாங்கவில்லை. ஆறு மாதம் தேடி இதை வாங்கியிருக்கிறார். அப்படியானால் இந்த எண் அவருடையதாகத்தான் இருக்க வேண்டும். தொலைந்த தன் பொருளைத் தேடாமல் ஒரு மனிதன் வேறு எதைத் தேடுவான்?

*

அச்சகத்தில் அவளுக்குப் பதினாறு வருட வேலை. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரிசையில் கோக்கிறவள். தேய்ந்துபோன எழுத்தைக் கண்ணால் படிக்க முடியாவிட்டால், மை தடவிக் காகிதத்தில் ஒற்றிப் பார்க்க வேண்டும் என்பது அங்கே அன்றாடப் பாடம். இது ஏன் காலையிலேயே தோன்றவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டு ஓடினாள்.

லீவு போட்டவள் நனைந்த பாவாடையோடு உள்ளே நுழைவதைப் பார்த்து ஃபோர்மேன் ஏதோ சொன்னார். அவள் காதில் வாங்கவில்லை. பூணின்மேல் மையைத் தேய்த்து, மேற்பரப்பை மட்டும் துடைத்து, பள்ளத்தில் மை நிற்கவிட்டு, ஈரமாக்கிய மெல்லிய தாளை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். முதல் தாள் கறை. இரண்டாவது தாளில் பாதி. மூன்றாவதில் மையை அதிகமாகத் துடைத்துவிட்டாள். ஃபோர்மேன் பின்னால் வந்து நின்று, இது யாருடைய மை, யாருடைய தாள் என்று கேட்டார். என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள் என்றாள். அவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, மையில் இரண்டு சொட்டு எண்ணெய் விடச் சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்தாவது தாள் சுத்தமாக வந்தது. எழுத்துகள் தலைகீழாய், இடவலம் மாறி விழுந்திருந்தன. எல்மினாவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. வாழ்நாளெல்லாம் அப்படித்தான் படித்திருக்கிறாள்.

9. பி.டபிள்யூ.ஐ. 8417.

பிரிட்டிஷ் மேற்கிந்தியப் பட்டாளம், ஒன்பதாம் பிரிவு, எட்டாயிரத்து நானூற்றுப் பதினேழு. மேலும் நாலு தாள் ஒற்றி எடுத்தாள். பிறகுதான் மணியைப் பார்த்தாள். இரண்டே கால்.

*

லைல் லாரியை வேகமாக ஓட்டினான். அவள் தாளை அவன் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினாள். எண்ணை அவன் பார்க்கவில்லை. முதலில் இருந்த இலக்கத்தை மட்டும் பார்த்தான். ஸ்பைட்ஸ்டவுன் தாண்டியதும் கடலோரமாக லாரியை ஒதுக்கி நிறுத்தி, எஞ்சினை அணைத்தான்.

"ஒன்பதுன்னு இருக்குல்ல? அந்தப் பதிவேட்டுல ஹைண்ட்ஸே கண்டுபிடிக்கட்டும். ஆனா என்ன வரும்னு உனக்கு முன்னாலயே சொல்லிடறேன். ஜெயில்னு வரும்."

அவன் சொன்னது இதுதான். சண்டை முடிந்த மறு மாதம், இத்தாலியில் ஒரு துறைமுகத்தில், கறுப்புச் சிப்பாய்களை மட்டும் கக்கூஸ் கழுவவும் அழுக்குத் துணி துவைக்கவும் விட்டார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்க்குக் கொடுத்த சம்பள உயர்வு இவர்களுக்குக் கிடையாது என்றார்கள். ஒன்பதாம் பிரிவு வேலைக்குப் போக மறுத்தது. அதிகாரிகளின் கூடாரத்தை யாரோ கிழித்தார்கள். பட்டாளத்தையே கலைத்தார்கள். கிழித்தது அப்பாதான் என்று அவருக்கு மூன்று வருடச் சிறை. மெடலையும் பறித்து, பெயரையும் அடித்து அனுப்பினார்கள். லைலுக்கு இருபது வயதானபோது அப்பா இதைச் சொல்லி, தங்கச்சிக்குத் தெரிய வேண்டாம் என்று சத்தியம் வாங்கியிருக்கிறார்.

"எனக்கு ஏன் தெரியக் கூடாதாம்?"

"நீ ஒருத்திதான் அவருக்காகக் கல்லெடுத்தவ. அந்த ஒரு ஆளையும் எழக்க வேண்டாம்னு நெனச்சாரு போல."

எல்மினா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் யார்மேல் என்று அவளுக்கே பிடிபடவில்லை. அப்பாமேலா? இருபது வருடம் வாயைக் கட்டிக்கொண்டிருந்த அண்ணன்மேலா? சம்பளம் கேட்டதற்கு ஜெயிலா? அதற்கா இவர் வெட்கப்பட்டார்? ஊரில் எவன் கேட்டிருந்தாலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருப்பாளே.

"வண்டிய எடு. ஜெயில்னா ஜெயில். போனாரா இல்லையா? போனவன் பேரு கல்லுல இருக்கணும்."

*

சங்கத்தின் அறை தேவாலயத்துக்குப் பின்னால். கிளேர்மான்ட் ஹைண்ட்ஸ் முப்பது வருடம் தலைமையாசிரியராக இருந்தவர். வட்டாரத்தில் பாதிப் பேர் அவரிடம் அடி வாங்கிப் படித்தவர்கள். கோட்டின் மார்பில் போர் நினைவு நாளுக்கான சிவப்புக் காகிதப் பூ. மேஜையில் பதிவேடு, பக்கத்தில் கல்தச்சனுக்கான பட்டியல், அழகான சாய்ந்த கையெழுத்தில். கல்தச்சன் வெளியே மரத்தடியில் சைக்கிளைச் சாய்த்து வைத்துக் காத்திருந்தான்.

"வா எல்மினா. நம்பர் கெடச்சுதா?"

"எட்டாயிரத்து நானூத்திப் பதினேழு சார்."

அவர் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். அது பாதியில் நின்றது. எழுதிக்கொள்ளவில்லை. மறுபடி சொல்லு என்றும் கேட்கவில்லை.

"எங்கேருந்து கெடச்சுது?"

அவள் கத்தியை மேஜைமேல் வைத்தாள். அவர் தொடவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். பிறகு, அது உங்கப்பா நம்பர் இல்லை, வேண்டுமானால் நீயே பார் என்று பதிவேட்டைத் திறந்து 'ஜி' பக்கத்தை அவளுக்குக் காட்டினார். கிட்டன்ஸ் என்று ஒரு பெயர்கூட அங்கே இல்லை என்பதை ஆள்காட்டி விரலால் மேலிருந்து கீழ்வரை காட்டிக்கொண்டே போனார். அந்தப் பதிவேடு ஆங்கில அகரவரிசையில் இருந்தது. கிட்டன்ஸ் வர வேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், 'ஹெச்'. புத்தகம் அவர் பக்கமாகத்தான் இருந்தது. எல்மினாவுக்குத் தலைகீழாகத் தெரிந்தது. தலைகீழாகவே படித்தாள்.

ஹைண்ட்ஸ், கிளேர்மான்ட். ஒன்பதாம் பிரிவு. 8417.

அவள் விரலை அந்த வரியில் வைத்தாள். ஹைண்ட்ஸ் பதிவேட்டை மூடப் பார்த்தார். விரலை அவள் எடுக்கவில்லை.

"இது உங்க கத்தி."

வாசலில் நின்றிருந்த லைல் உள்ளே வந்தான். ஹைண்ட்ஸ் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தபோது தலைமையாசிரியர் யாரும் அங்கே இல்லை. வியர்த்த ஒரு வயசாளிதான் இருந்தார்.

அவர் பேசியது கொஞ்சம்தான். கூடாரம் கிழிந்த மறுநாள் காலை எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தார்கள். கிழிந்த துணிக்குப் பக்கத்தில் கிடந்ததென்று கர்னல் ஒரு கத்தியைத் தூக்கிப் பிடித்தார். அந்தக் கத்தி இது. அதற்குமேல் என்ன இருக்கிறது, நாற்பத்தைந்து வருடம் ஆகிவிட்டது என்றார். பிறகு குரல் மாறியது.

"கத்திய இங்க வச்சுட்டுப் போ. உங்கப்பா பேர இப்பவே பட்டியல்ல எழுதிடறேன். நம்பர்கூட வேண்டாம்."

காலையில் இதைச் சொல்லியிருந்தால் அவள் கத்தியைக் கொடுத்துவிட்டு அவர் கையையும் முத்தமிட்டிருப்பாள். இப்போது கொடுக்கத் தயாராக இல்லை. கத்தியை எடுத்துப் பையில் போட்டு, பையிலிருந்து தாள்களை எடுத்தாள்.

"அச்சகத்துல எதையும் ஒரு பிரதி மட்டும் எடுக்க மாட்டோம் சார். கத்தியும் என்கிட்டதான் இருக்கும். எங்கப்பா பேரும் கல்லுல இருக்கும். நம்பர் வேணும்னு நீங்கதான கேட்டீங்க? அவரு நம்பரோடயே இருக்கட்டும். அத எங்க போய்த் தேடணும்னு மட்டும் சொல்லுங்க, தேடிட்டு வர்றேன். இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."

ஹைண்ட்ஸ் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எட்டாயிரத்து நானூத்திப் பதினெட்டு."

அவளுக்கு முதலில் புரியவில்லை.

"சேந்த அன்னிக்கு வரிசையில எனக்கு அடுத்தாப்ல நின்னவன். அதான் அடுத்த நம்பர்."

மழையில் நனைந்தது, தாழ்வாரத்தில் நின்றது, லண்டனுக்கு விண்ணப்பம், ரகசியச் சங்கம், சந்தைக் கோடி எல்லாம் ஒன்றாக அவள் கண்முன் வந்தன. ஒரு வாரமாக அவள் நாயாய் அலைந்து தேடிய எண், கேட்டவரின் நாக்கு நுனியிலேயே இருந்திருக்கிறது. ஆகஸ்டில் கொடி இல்லை என்று சொன்னபோதும் இருந்திருக்கிறது. அதற்கு முன் ஒவ்வொரு நவம்பரிலும், போர் நினைவு நாளன்றும் இருந்திருக்கிறது. கத்த வேண்டும் போலிருந்தது. பட்டியலை மட்டும் அவர் பக்கம் நகர்த்தினாள்.

"எழுதுங்க."

எழுதினார். கிட்டன்ஸ், ஒத்னியேல், 8418. அந்த ஒரு வரி மட்டும் மற்ற வரிகளைப் போல் அழகாக இல்லை. அகரவரிசைப்படி எந்த இடத்தில் வர வேண்டுமோ அந்த இடத்தில் செருகி, ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். லைல் தாளை எடுத்துக்கொண்டு போய் மரத்தடியில் கல்தச்சனிடம் கொடுத்தான். அவன் ஒரு முறை வாயால் எண்ணிப் பார்த்துவிட்டு, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினான்.

முடிந்தது. எல்மினா நாற்காலியில் சாய்ந்தாள். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தாள். உடம்பு முழுக்க அசதிதான் வந்தது.

திரும்பி வந்த லைல்தான் அதைக் கேட்டான். வண்டி ஓட்டுகிறவன், எதையும் மெதுவாகத்தான் யோசிப்பான், ஆனால் விடமாட்டான்.

"கத்தி உங்களோடது. நம்பரும் உங்களோடது. அப்புறம் பழி எப்படி எங்கப்பா மேல விழுந்துச்சு? நான்தான்னு அவரே கையத் தூக்குனாரா? உங்களக் காப்பாத்தவா?"

ஹைண்ட்ஸ் மார்பில் குத்தியிருந்த காகிதப் பூவைக் கழற்றி, பதிவேட்டின்மேல் வைத்தார்.

"அவன் கையத் தூக்கல லைல். முந்தின நாள் கத்திய அவன்கிட்ட எரவல் குடுத்தேன்னு கர்னல்கிட்ட நான்தான் சொன்னேன்."

"குடுத்தீங்களா?" என்றாள் எல்மினா.

"இல்ல."

பட்டியலைத் திரும்ப வாங்க அவள் எழுந்து வாசலுக்கு ஓடினாள். தெரு ஈரமாக, காலியாகக் கிடந்தது. சைக்கிள் வளைவைத் தாண்டிப் போய்விட்டது. விடிந்தால் உளி இறங்கும். அந்தப் பட்டியலில் அப்பாவின் பெயருக்கு நேர் கீழே, ஒரு விரல்கடை இடைவெளியில், வெட்டக் காத்திருக்கும் பெயர் ஹைண்ட்ஸ்.